பதினோராம் வகுப்பு வாத்தியார் – 9

வேலாமணிக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைத்ததில் உங்களுக்கெல்லாம் சந்தோஷம்தான். சந்தோஷப்படாத ஒரே ஆள் அவள் புருஷன் ஆறுக்குட்டி என்று போன வாரம் சொல்லி நிறுத்தினேன். இன்னும் அதே கதைதான்.

உத்தரவு தபாலில் வந்த அன்று ஆறுக்குட்டி வாத்தியார் அதை இரண்டு தடவை படித்தார். மடித்து அவள் கையில் கொடுத்தார். "உப்புமாவுல உப்பு கம்மி" என்றார். அவ்வளவுதான். எம்.எஸ்சி. பட்டத்தை டிரங்குப் பெட்டியில் பாச்சை உருண்டையோடு போட்டு வைத்துவிட்டு, எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் வருஷக்கணக்காகப் புதுப்பித்துக்கொண்டிருந்தவளுக்குக் கட்டின புருஷன் சொன்ன வாழ்த்து அது. அவளும் ரோஷக்காரி. மறுநாள் உப்பை அள்ளிப் போட்டாள். அதையும் மனுஷன் வாயே திறக்காமல் தின்றுவிட்டுப் போனார்.

அவர் முகம் தொங்கிப்போனதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. இதுவரை பதினோராம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. இந்த எழுபத்தெட்டாம் வருஷம் சர்க்கார் அதை மாற்றிவிட்டது. இனிப் பத்தோடு எஸ்.எஸ்.எல்.சி. அதற்கு மேல் பிளஸ் ஒன், பிளஸ் டூ என்று இரண்டு வருஷம் பள்ளியிலேயே. கரடிச்சோலை உயர்நிலைப் பள்ளியும் மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. போர்டில் 'உயர்' என்பதன் மேல் வெள்ளையடித்து 'மேல்' என்று எழுதினார்கள். மலை மழைக்கு வெள்ளை கரைந்து இப்போது இரண்டும் சேர்ந்து தெரிகின்றன.

ஆறுக்குட்டிக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆறாம் வகுப்பில் பிடித்த பிள்ளைகளைப் பதினொன்று வரைக்கும் விடமாட்டார். அவர்கள் வகுப்பு ஏற ஏற இவரும் கூடவே ஏறுவார். பரீட்சை எழுத வைத்து அனுப்பிவிட்டு மறுபடி ஆறாம் வகுப்புக்கு இறங்குவார். 'பதினோராம் வகுப்பு வாத்தியார்' என்றால் தேயிலை எஸ்டேட்டில் அவர்தான்.

அந்த வழக்கம்தான் அவரை மாட்டிவிட்டது. பத்து முடித்த பிள்ளைகளோடு பிளஸ் ஒன்னுக்கும் ஏறிவிடலாம் என்று நினைத்து, சித்திரை மாதம் எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கிற லைன் வீடுகளுக்கெல்லாம் போய், "கணக்குப் பிரிவுல சேத்துங்க. நாந்தான் எடுப்பேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். பிறகுதான் உத்தரவு வந்தது: புது வகுப்புகளுக்கு முதுகலை படித்தவர் வேண்டும். அவர் பி.எஸ்சி., பி.டி. அந்த வகுப்புக்கு வந்தது அவர் பெண்டாட்டி.

இந்த லட்சணத்தில் திங்கட்கிழமை பிளஸ் ஒன் ஆரம்பம்.

ஆறுக்குட்டி வழக்கம்போல முன்னாலேயே கிளம்பிவிட்டார். இன்றைக்காவது கூட நடப்பார் என்று வேலாமணி எதிர்பார்த்தாள். புதுச் செருப்பை வாசலில் தேடிக்கொண்டிருந்தபோது மனுஷன் டீ பேக்டரி வளைவைத் தாண்டிப் போயிருந்தார்.

கூட வந்தவள் காளியம்மாள். ஆறுக்குட்டியின் தங்கை. தகப்பனார் போன பிறகு அண்ணன் வீட்டில்தான் வளர்கிறாள். அவளும் கணக்குப் பிரிவுதான். அண்ணியை அவர்கள் பக்கத்தில் நங்கை என்பார்கள்.

"நங்கை, கிளாஸ்ல உங்கள என்னன்னு கூப்பிடறது?"

"டீச்சர்னு கூப்பிடு."

"சிரிப்பு வந்துருமுங்க."

"வந்தா வெளிய போய்ச் சிரிச்சுட்டு வா. உள்ள வந்தா கணக்குப் போடு."

காளி கொஞ்ச தூரம் தாவணி முனையைத் திருகிக்கொண்டே நடந்தாள். சாரல் முகத்தில் அடித்தது. தேயிலைச் சரிவில் கொழுந்து எடுப்பவர்களின் தலைகள் மட்டும் மஞ்சுக்கு மேலே தெரிந்தன.

"அண்ணன் உங்க மேல கோவமாட்டத் தெரியலீங்க நங்கை."

"பின்ன எப்படித் தெரியுது?"

"என்னமோ நெனச்சுட்டே இருக்காரு. நேத்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனவரு வெறும் பக்கெட்ட வெச்சுட்டு நின்னாரு. நாந்தான் போய்த் தண்ணி ஊத்துனேன்."

"பொண்டாட்டி பெரிய வகுப்புக்குப் போனா எந்த ஆம்பளைக்கும் அப்படித்தான் இருக்கும்" என்றாள் வேலாமணி. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். சின்னப் பெண்ணிடம் சொல்கிற பேச்சா அது?

பழைய நெசவு அறையைத்தான் பிளஸ் ஒன்னுக்கு ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். வேலாமணி உள்ளே நுழைந்தபோது பெஞ்சுகளில் பாதிக்கு மேல் காலி. காளியையும் சேர்த்து ஒன்பது பேர். மற்றவர்கள் வராந்தாவில் நின்றார்கள், அப்பனும் ஆத்தாளும் பக்கத்தில். கம்பளியும் ரப்பர் செருப்புமாக, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்த எஸ்டேட் ஆட்கள். எல்லோரும் அவளுக்குக் கும்பிடு போட்டார்கள். ஆனால் ஒருவர்கூடப் பிள்ளையை உள்ளே அனுப்பவில்லை.

 ஹெட்மாஸ்டர் கருணாகரன் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார்.

"டீச்சர், இவங்க எல்லாம் டி.சி. கேக்கறாங்க" என்றார் அவர். நல்ல மனுஷன், ஆனால் பதற்றம் வந்தால் மேஜை மேல் இருக்கிற எல்லாவற்றையும் நகர்த்தி நகர்த்தி வைப்பார். அப்போது மைக்கூடு மூன்றாவது இடத்துக்குப் போயிருந்தது. "பதினஞ்சு பேர் இல்லேன்னா கணக்குப் பிரிவ மூடச் சொல்லிடுவாங்க. பொறகு இந்த மலைப் புள்ளைக கணக்குப் படிக்கணும்னா ஊட்டிக்கோ மேட்டுப்பாளையத்துக்கோதான் போகணும். யார் அனுப்புவாங்க?"

கூட்டத்தில் முன்னால் நின்றவர் ஒச்சப்பன். பேக்டரியில் உலர்த்தும் அடுப்பில் வேலை. மகன் வேலன் பள்ளியிலேயே கணக்கில் முதல்.

"டீச்சர நாங்க ஒண்ணும் சொல்லலீங்க" என்றார் அவர். "வாத்தியாரு சொன்ன வார்த்தைக்குத்தான் பயல மேல படிக்க வெக்கறதுன்னு முடிவு பண்ணுனோம். அஞ்சு வருசமா அவரு கையில வளந்த பையனுங்க. அவரு எடுக்கலைன்னா என்னத்துக்குங்க? பேக்டரியில சேத்துக்கறேன்னு எஸ்டேட் ரைட்டரு சொல்லியிருக்காரு. இந்த வாரம் விட்டா வேற ஆளு போட்டுருவாங்க."

"எங்க ஊட்டுலயும் அதேதானுங்க" என்றாள் செல்லக்கண்ணு. கொழுந்து எடுக்கிறவள். முதுகுக்குப் பின்னால் மகள் இசக்கியம்மா ஒளிந்துகொண்டு நின்றாள். "பொம்பளப் புள்ளய இன்னும் ரெண்டு வருசம் அனுப்பறதான்னு எங்க ஊட்டுக்காரரு குதிச்சாருங்க. வாத்தியாரு வந்து பேசுனதுக்கப்பறந்தான் அடங்குனாரு. இப்ப நான் போய் என்னத்தச் சொல்லட்டும்?"

"நான் எம்.எஸ்சி. படிச்சவங்க" என்றாள் வேலாமணி. "இந்தப் பாடத்தக் காலேஜ்ல படிச்சவ. உங்க புள்ளைகளுக்கு ஒரு கொறையும் வராது."

"படிச்சிருப்பீங்க டீச்சர். இல்லைன்னு யாருங்க சொன்னா?" என்றார் ஒச்சப்பன் மரியாதையாக.

பின்னாலிருந்து ஒருத்தர், யாரென்று தெரியவில்லை, "வாத்தியாரு சம்சாரம்னு எடம் குடுத்துட்டாங்களாட்ட இருக்குது" என்று முணுமுணுத்தார். மெதுவாகத்தான் சொன்னார். அவள் காதில் விழுந்துவிட்டது. அடப் பாவி மனுஷா! கோயமுத்தூரில் இன்டர்வியூவுக்கு ஒரு பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்துக் கிடந்தவள் அவள். கண்ணில் தண்ணீர் முட்டியது. அங்கே அழுதுவிட்டால் கதை முடிந்தது என்று, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கருணாகரன் ஆறுக்குட்டியை அழைத்துவரச் சொன்னார். ஆறாம் வகுப்பிலிருந்து சாக்பீஸ் தூசியோடு வந்தார் அவர். பெற்றோர்களின் முகம் மலர்ந்ததை வேலாமணி பார்த்தாள். அவளைப் பார்த்து ஒரு முகமும் அப்படி மலரவில்லை.

"சார், நான் ஒரு வழி சொல்றேன்" என்றார் ஹெட்மாஸ்டர். "டைம் டேபிள்ல உங்க பேரையும் போட்டுடலாம். வாரத்துல ரெண்டு பீரியடு நீங்க போய் நில்லுங்க. மிச்சம் டீச்சர் எடுக்கட்டும். இவங்களுக்கும் திருப்தி. உங்களுக்கும் நல்லது சார், யோசிச்சுப் பாருங்க."

உங்களுக்கும் நல்லது என்றால் என்ன அர்த்தம் என்று வேலாமணிக்கு விளங்கவில்லை. "அப்படிப் போடுங்க!" என்றார் ஒச்சப்பன். செல்லக்கண்ணு கைகூப்பினாள். சரி, தலையாட்டப் போகிறார், நான் அவருக்கு எடுபிடியாகத்தான் நிற்கப் போகிறேன் என்று வேலாமணி மனசைக் கல்லாக்கிக்கொண்டாள்.

ஆறுக்குட்டி வேட்டியில் கையைத் துடைத்தார்.

"எல்லாரும் கிளாசுக்கு வாங்க" என்றார். "புள்ளைகளக் கூட்டிட்டு வாங்க. சித்த நேரந்தான்."

நெசவு அறை நிரம்பியது. பிள்ளைகள் பெஞ்சில், பெற்றோர்கள் சுவர் ஓரம். ஆறுக்குட்டி மேடைமேல் ஏறவில்லை. கீழேயே நின்றார்.

"சித்திரையில நான் உங்க ஊடு ஊடா வந்து சொன்னது நெசம்" என்றார். "அப்ப நான் புதுப் புத்தகத்தப் பாக்கலீங்க. பத்தாவது வரைக்கும் சொல்லிக் குடுத்தவனுக்கு அடுத்தது வராமப் போயிருமான்னு ஒரு திமிரு. ஆனி மாசம் புத்தகம் வந்துச்சு. ஒக்காந்து பாத்தேன். மொத நாலு பாடம் தட்டுத் தடுமாறிப் போடலாம். அதுக்கு மேல எனக்குத் தெரியாதுங்க."

ஒருத்தர் இருமினார். 

"தெரியாதுங்க" என்றார் மறுபடி.  "தெரியாத பாடத்துக்கு நான் பேருக்கு வந்து நின்னா, ரெண்டு வருசம் கழிச்சு ஒச்சப்பன் பையன் பெயிலாகி வந்து நிப்பான். அப்ப நீங்க என்னைய ஒண்ணும் கேக்க மாட்டீங்க. உங்க தலையெழுத்துன்னு போயிருவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். தெரிஞ்சவங்க இவங்க. எம் பொண்டாட்டின்னு சொல்லல. எனக்குத் தெரியாதது இவங்களுக்குத் தெரியும். அவ்வளவுதான்."

பிறகு விடுவிடென்று கடைசி பெஞ்சுக்குப் போய் வேலனை நகரச் சொல்லி உட்கார்ந்தார். அவர் முழங்கால் பெஞ்சுக்கு அடியில் அடங்கவில்லை. "ஆரம்பிங்க டீச்சர்" என்றார்.

கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் அவளை டீச்சர் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.  சாக்பீஸை எடுத்தாள். முதல் கோடு கோணிப்போயிற்று. அழித்துவிட்டு மறுபடி போட்டாள்.

"பர்லியார்ல இருந்து குன்னூருக்கு பஸ் ஏறுது" என்றாள். "ரெண்டு ஊரும் எவ்வளவு உசரம், நடுவுல எவ்வளவு தூரம்னு தெரிஞ்சா உசர வித்தியாசத்தத் தூரத்தால வகுத்துச் சராசரி ஏத்தத்தக் கணக்குப் போட்டுரலாம். அது சார் உங்களுக்கு முன்னாடியே சொல்லிக் குடுத்தது. ஆனா ரோடு ஒரே மாதிரியா ஏறுது? ஒரு எடத்துல சும்மா போகுது. ஒரு வளைவுல நெட்டுக்குத்தலா நிக்குது. அந்த ஒரே ஒரு எடத்துல ஏத்தம் எவ்வளவு?"

"அங்கதானுங்க டிரைவரு கியரு மாத்துவாரு. வண்டி மொனகும்" என்றார் ஒச்சப்பன், தன்னை மறந்து. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

"அதேதானுங்க. டிரைவருக்குக் கால்ல தெரியும். நாம எழுதிக் கண்டுபிடிக்கணும்."

வளைந்த கோட்டில் இரண்டு புள்ளி வைத்தாள். சேர்த்துக் கோடு இழுத்தாள். இரண்டாவது புள்ளியைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்தாள். இன்னொரு கோடு. இன்னும் கிட்ட. இன்னொரு கோடு. காளி சிரிக்க மறந்து வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி பெஞ்சில் ஒரு கை உயர்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வாத்தியார்தான்.

"டீச்சர், இங்கதான் நான் மாட்டிக்கிட்டேன். கிட்டக் கிட்டக் கொண்டுவந்து ரெண்டு புள்ளியும் ஒண்ணாயிட்டா தூரம் பூஜ்யம். உசரமும் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்கக் கூடாதுன்னு நாந்தானே இவங்களுக்கெல்லாம் சொல்லி அடிச்சேன்?"

 எவ்வளவு சரியான கேள்வி! காலேஜில் அவளோடு படித்தவர்களில் பாதிப் பேர் கேட்காமலே பாஸான கேள்வி.

"ஒண்ணாகறதே இல்லீங்க சார். கிட்டப் போகுது, இன்னும் கிட்டப் போகுது, ஆனா ஒண்ணாக விடறதில்ல. அப்படிப் போகப் போக ஏத்தம் எந்த எண்ணுக்குக் கிட்ட வருதுன்னு மட்டும் பாக்கறோம். அந்த எண்தான் வேணும். புத்தகத்துல அதுக்கு வகைக்கெழுன்னு பேரு."

ஆறுக்குட்டி போர்டையே பார்த்தார். உதடு அசைந்தது. மனசுக்குள் போட்டுப் பார்க்கிறார் என்று அவளுக்குத் தெரியும், அது அவர் வழக்கம். பிறகு பக்கத்தில் இருந்த வேலனிடம் கேட்டார்.

"புரிஞ்சுதாடா?"

"புரிஞ்சுதுங்க சார்."

"எனக்கும் இப்பத்தான்டா புரிஞ்சுது" என்றார்.

மணி அடித்தபோது ஒச்சப்பன் மகனின் தோளில் தட்டிவிட்டு, டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டு, மழையில் இறங்கிப் போனார். செல்லக்கண்ணு வேலாமணியிடம் வந்து, "இவளுக்குக் கொஞ்சம் பயமுங்க, அதட்டாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒருத்தர் மட்டும் மனசு மாறவில்லை. டி.சி.யை வாங்கிக்கொண்டு பையனை இழுத்துப் போனார். போகட்டும். பதினேழு பேர் பெஞ்சில் இருந்தார்கள். கணக்குப் பிரிவு நின்றது.

மத்தியானம் வேலாமணி சாப்பிட்டு முடித்தாள். தூக்குவாளியை மூடிவிட்டு ஹெட்மாஸ்டருக்கு நன்றி சொல்லப் போனாள். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை.

"சார் இப்படிப் பண்ணுவார்னு நான் எதிர்பார்க்கல டீச்சர். போன வாரமே அவர்கிட்ட விவரமாச் சொன்னேனே!"

"என்னங்க சொன்னீங்க?"

கருணாகரன் அவளை ஒரு மாதிரி பார்த்தார். மைக்கூட்டை நகர்த்தினார்.

"உங்களுக்குத் தெரியாதா? பழைய பதினோராம் வகுப்பு போயிட்டதால இங்க ஒரு கணக்கு பி.டி. கூடுதல். சார்தான் மாறிப் போகணும். கூடலூருக்கு அந்தப் பக்கம், நாடுகாணிகிட்ட ஒரு பள்ளியில எடம் இருக்கு. நான் சார்கிட்ட ஒரு யோசனை சொன்னேன். உங்க வீட்டம்மா ஊட்டியில கேட்டு வாங்கிக்கட்டும், அங்கயும் எடம் காலி. நீங்க பொறுப்புல பிளஸ் ஒன் எடுங்க, அதச் சொல்லியே உங்கள இங்க நிறுத்திக்கறேன்னு. சரின்னும் சொல்லல, இல்லைன்னும் சொல்லல. அதக் காட்டியாவது நிறுத்திப் பாக்கலாம்னுதான் இன்னைக்கு ரெண்டு பீரியடுன்னு மறுபடி கேட்டேன். நீங்கதான் பாத்தீங்களே."

 ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் பெண்டாட்டி மேல் பொறாமை என்று அவள் முடிவு கட்டி வைத்திருந்தாள். உப்பை அள்ளிப் போட்டாள். காலையில் சின்னப் பெண்ணிடம்கூடச் சொல்லி வைத்தாள். ஐயோ, என்ன பெண்பிள்ளை நான் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டாள்.

சாயங்காலம் அவர் கேட் அருகில் குடையோடு நின்றார். காளி தோழிகளோடு முன்னால் போய்விட்டாள். இருவரும் ஒரே குடையில் நடந்தார்கள். பேக்டரி வளைவு வந்தது. வறுத்த தேயிலை வாசனை ரோட்டை அடைத்திருந்தது.

"ஏனுங்க" என்றாள். "எனக்கு ஏன் சொல்லல?"

எதை என்று அவர் கேட்கவில்லை.

"சொல்லியிருந்தா நீ அன்னைக்கே ஊட்டிக்கு மாத்தல் எழுதிக் கேட்டிருப்பே."

அவள் யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல வரவில்லை. "கேட்டிருப்பேன்" என்றாள்.

"அப்பறம் நான் தெரியாத பாடத்த எடுத்துட்டு இங்கியே சொகமா உக்காந்திருப்பேன். எனக்கு ஆசை இல்லைன்னா நெனைக்கறே? ஒரு வாரமா அதே ஆசைதான். இதே ஊடு, இதே ரோடு, ஊட்டியில இருந்து ஆறரை மணி பஸ்ஸுல நீ வந்து எறங்குவே. நெனச்சு நெனச்சுப் பாத்தேன். உன்கிட்ட வாயத் தொறந்தா அப்பறம் என்னைய என்னாலயே நிறுத்த முடியாதுன்னுதான் பேசாம இருந்தேன்."

வேலாமணி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எஸ்டேட் ரோட்டில், ஆள் நடமாட்டத்தில், அவள் இதுவரை செய்யாத காரியம். எதிரே லைனுக்குத் திரும்பிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துக்கொண்டே ஒதுங்கிப் போனார்கள்.

"எப்பப் போகணும்?"

"ஆவணி பொறக்கறதுக்குள்ள உத்தரவு வந்துரும்னு ஹெட்மாஸ்டர் சொன்னாரு. மழக்காலத்துல நடுவட்டம் வழியா கூடலூர்ப் பக்கம் எறங்குனா மறுபடி வாராவாரம் ஏறி வர்றதெல்லாம் ஆகாது. பாக்கலாம்."

வீட்டுக்கு வந்ததும் காளி அடுப்பைப் பற்ற வைத்துக் காப்பி கலந்தாள். ஆறுக்குட்டி முதல் டம்ளரை வேலாமணி பக்கம் தள்ளினார். அவள் வாங்கிக் கீழே வைத்தாள். குடிக்கவில்லை.

"நாளைக்கு நான் லீவு போடறனுங்க" என்றாள்.

"மொத நாள் பாடம் எடுத்துட்டு மறுநாளே லீவா? எதுக்கு?"

"ஊட்டிக்குப் போகணும். கல்வி ஆபீசுக்கு."

ஆறுக்குட்டியின் முகம் மாறியது. "அங்க போய் என்னத்தக் கேக்கப் போறே?"

"அத அங்க போய்ப் பாத்துக்கறேன்."

"வேலாமணி, அந்தப் புள்ளைக அப்பன் ஆத்தா முன்னால நான் இன்னைக்கு என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்குதா?"

"அதனாலதான் போறனுங்க" என்றாள். 

காளி இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். விவரம் பாதிதான் புரிந்தது. அவளுக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப நாளைக்கு எங்களுக்கு யாருங்க எடுப்பாங்க?"

அந்த வீட்டில் கணக்கு வாத்தியார்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.